லாமிலேயின் குட்டைப் பெட்டி

டெஷி கடற்கரைச் சாலையில் லாமிலேயிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவள் அளவெடுக்கும்போது வாய் ஊர்க்கதை பேசும், கை நாடாவைப் பிடிக்கும், வலது கால் மட்டும் யார் பேச்சும் கேட்காமல் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தவர்கள் நரம்புக் கோளாறோ என்று நினைப்பார்கள். கோளாறெல்லாம் இல்லை. அந்தக் கால் பத்தொன்பது வருடமாக ஒரு சபையையே தாளத்தில் நிறுத்தி வைத்திருக்கிற கால்.

அவளை யாரும் கூப்பிட்டு டிரம் முன்னால் உட்கார வைக்கவில்லை. பதினேழு வயதில், பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். சபையின் டிரம்மர் ஒரு வெள்ளிக்கிழமை மீன்பிடிக் கப்பலேறிப் போய்விட்டான். ஞாயிறு காலை இருக்கை காலி. போதகர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இறங்கி வந்து குச்சியைக் கையில் எடுத்தாள். பெண்பிள்ளை இப்படியா காலை அகட்டி உட்காருவது என்று பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த ஞாயிறு அவள் தானே வெட்டித் தைத்த ஒரு பாவாடையோடு வந்தாள். நின்றால் பாவாடை, உட்கார்ந்தால் கால்சட்டை. முணுமுணுத்தவர்களில் மூன்று பேர் அந்த மாதமே அதே மாதிரி தைத்துக் கேட்டார்கள். தையல் தொழில் அவளுக்குப் பிடிபட்டது அங்கேதான்.

அப்படிப்பட்டவளின் இருக்கைக்கு இந்த வருடம் ஆபத்து வந்தது.

சபைக்குப் புதிதாக இசைப் பொறுப்பேற்றிருந்தவர் குவார்ட்டே. பள்ளிக்கூட வாத்தியார். நகத்தில்கூட அழுக்கு சேர விடாத மனிதர். மே மாதத்தில் அந்தக் கரையின் பூர்வகுடிகளான கா மக்கள் சோளம் விதைத்ததும் முப்பது நாள் ஊரில் முழக்கம் அடங்கிவிடும். பறை கிடையாது, டிரம் கிடையாது, சாவு வீட்டு ஸ்பீக்கர் கிடையாது. மண்ணுக்குள் விதை அமைதியாக இருக்க வேண்டும். சபைகளும் கைதட்டல் இல்லாமல் தாழ்ந்த குரலில் பாடும். தடை நீங்கிய முதல் ஞாயிறு நன்றி ஆராதனை. அன்றைக்கு யார் டிரம் வாசிக்கிறார்களோ அவர்களுக்கே வருடம் முழுக்க அந்த இருக்கை என்பது அந்தச் சபையின் வழக்கம். இதுவரை அது வெறும் சடங்குதான், ஏனென்றால் லாமிலேக்குப் போட்டி கிடையாது. குவார்ட்டே அந்த ஆராதனைக்குப் பதினோரு புதுப் பாட்டுகளைக் குறித்துக் கொடுத்தார்.

"சிஸ்டர், ஒரு மாசம் குச்சியே தொடாம வந்து உட்கார்ந்தா இந்தப் பதினொண்ணும் தாங்காது. தேமா டவுனுலேருந்து ஒரு டிரம்மரை வரச் சொல்லியிருக்கேன். மூணாவது வாரம் உங்க வீட்டுக்கு வந்து பார்ப்பேன். நீங்க தயாரா இருந்தா நீங்க. இல்லைன்னா அவர்."

மரியாதையாகத்தான் சொன்னார். அதனாலேயே அது அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

தடையை மீறும் எண்ணம் அவளுக்கு ஒரு நொடிகூட வரவில்லை. விதைப்பு நாளில் மண்ணில் இறங்கி நிற்கிறவர்கள் அவள் அப்பா வீட்டார். ஞாயிறு கர்த்தருக்கு, இந்த ஒரு மாதம் மண்ணுக்கு. இரண்டையும் சேர்த்தே வளர்ந்தவள் அவள். அதனால்தான் ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடையில் மின்சார டிரம் ஒன்றைப் பார்த்ததும் அவளுக்குக் கண் பளிச்சென்றது. தோலுக்குப் பதில் ரப்பர் தட்டுகள், ஓரமாக ஒரு சின்னப் பெட்டி. தட்டுகிற அடியையெல்லாம் அந்தப் பெட்டிதான் ஓசையாக மாற்றும். ஆனால் அந்த ஓசை வெளியே வர வேறு ஒரு வாய் வேண்டும். கடைக்காரனிடம் அந்த வாய் இல்லை. இருந்தும் பேரம் பேசி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வாய்க்குப் பஞ்சம் இல்லாத வீடு லாமிலேயின் வீடு. புருஷன் அமாசாவை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும், அவளும் அப்படித்தான். சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன். தடை மாதம் அவனுக்கு விடுமுறை மாதம். கொட்டகையில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள் வேலையில்லாமல் நின்றன. அவற்றில் பெரிய இரண்டின் முகத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் 'கேட்காதவன் செவிடன்' என்று எழுதியிருக்கும்.

முதலில் அவள் போய்ப் பார்த்தது சித்தப்பா மகன் அட்ஜெட்டேயை. தடையை மேற்பார்வை பார்க்கும் குழுவில் இந்த வருடம் அவன் இருந்தான். மின்சார டிரம் தடைக்குள் வருமா, வராதா என்று கேட்டாள். கையிலிருந்த கெங்கி என்ற சோளமாவு உருண்டையைப் பிட்டு மிளகாய்த் துவையலில் அழுத்தி வாயில் போட்டு, மென்று முடித்த பிறகுதான் பதில் சொன்னான்.

"அக்கா, மேல போர்த்தியிருக்கறது தோலா ரப்பரான்னு நான் பார்க்க மாட்டேன். உங்க வீட்டு கேட்டுல வந்து நிற்பேன். என் காதுக்கு வந்துச்சுன்னா தூக்கிட்டுப் போயிருவேன். வரலைன்னா, உள்ள யானை வளர்த்தாலும் எனக்கென்ன."

"சொந்தக்காரின்னு பார்க்க மாட்டியா?"

"பார்த்துத்தானே முன்கூட்டியே சொல்றேன்."

ஆக, கேட் வரைக்கும் அவளுடைய ராஜ்யம். அறைக்கும் கேட்டுக்கும் பன்னிரண்டு தப்படி. இடையில் முற்றம், முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனம், ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்ரியே. அப்ரியே அசாந்தி நாட்டுக்காரி. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வெந்த கிழங்கை உரலில் போட்டு ஃபுஃபு மாவாக இடிக்காவிட்டால் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் அன்றைய நாள் முடியாது.

அமாசா முதலில் தூக்கி வந்தது கிட்டாருக்கென்று செய்த ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப் என்பார்கள். சின்னதாக இருக்கிறது, வீட்டுக்குப் போதும் என்றான். லாமிலே உட்கார்ந்து நடு டிரம்மான ஸ்னேரைத் தட்டினாள், நன்றாகத்தான் இருந்தது. வெண்கலத் தாளத்துக்கான சிம்பலைத் தட்டினாள், தகர டப்பா உருண்டது. பெரிய டிரம்முக்கான கால் மிதியை ஒரு முறை அழுத்தினாள். உள்ளே காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. அமாசா திருப்பிப் பார்த்தான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

"கிட்டாரை எல்லாம் தாங்கினது, உன் ஒரு மிதியைத் தாங்கலையே" என்றான்.

"மேல்சட்டைக்கு வெட்டின துணியில கால்சட்டை தைச்சா கவட்டுலதான் கிழியும், மாஸ்டர்" என்றாள் அவள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அது அவள் மனதிலேயே தங்கிவிட்டது. கிட்டாரின் குரல் நடுவில்தான் நடமாடும். டிரம்முக்கு அடியாழத்தில் காலும் வேண்டும், உச்சியில் சிம்பலும் வேண்டும். இரண்டு முனையும் எட்டாத பெட்டி எதற்கும் ஆகாது.

அமாசாவுக்கு மானம் போய்விட்டது. மறுநாள் 'கேட்காதவன் செவிடன்' ஒன்றை இரண்டு பேரைப் பிடித்துத் தூக்கி வந்து அறை மூலையில் நிறுத்தினான். பதினைந்து அங்குலக் கூம்பு. அரைத் தட்டு மட்டும் தின்றால் யானையும் பூனைதான் என்பது அவன் வாதம்: பெரியதை வைத்து ஒலியைக் குறைத்தால் சின்னது மாதிரிதானே இருக்கும்? ஸ்பீக்கர்க்காரன் ஒருத்தன் விடாமல் இப்படித்தான் நினைப்பான். குமிழைக் கால் பங்கு திருப்பினான். லாமிலே வாசித்தாள். சிம்பல் சுவருக்கு அப்பால் எங்கேயோ கேட்பதுபோல் இருந்தது. காலில் உயிரே இல்லை. இன்னும் கொஞ்சம் என்றாள். அவன் திருப்பினான். இன்னும் கொஞ்சம். இன்னும் திருப்பினான். அவள் காதுக்கு டிரம் டிரம்மாக வந்து சேர்ந்தபோது, அட்ஜெட்டே ஏற்கெனவே முற்றத்தின் நடுவில் நின்றிருந்தான்.

அவன் கத்தவில்லை. அப்ரியேயிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, அப்ரியேயின் அறைக்குள்ளேயே தரையில் வைத்தான். பிறகு லாமிலேயை அங்கே கூப்பிட்டு, கால் மிதியை மட்டும் அமாசாவை அழுத்தச் சொன்னான். ஒவ்வொரு மிதிக்கும் வாளித் தண்ணீரில் வட்டம் எழுந்தது.

"காது கேட்கறதுக்கு முந்தி தரை கேட்குது, பாருங்க. விதையும் தரைக்குள்ளதான் கிடக்கு" என்றான். "இன்னைக்கு நான் கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்கன்னு வச்சுக்கறேன். அடுத்த தடவை அப்படி வச்சுக்க மாட்டேன்."

லாமிலே தலையைக் குனிந்துகொண்டாள். பயம் இல்லை, வெட்கம். அவள் அப்பா இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். பெட்டியைத் தன் கையாலேயே தள்ளி வெளியே எடுத்தாள்.

மூன்றாவது வழி ஹெட்போன். அமாசாவிடம் நல்லதாக ஒன்று இருந்தது. மாட்டிக்கொண்டதும் அவளுக்குச் சொர்க்கம். சிம்பலின் நுனி வரைக்கும் கேட்டது. வெளியே வந்ததெல்லாம் ரப்பரில் குச்சி படுகிற டொக் டொக் மட்டும். ஆனால் கால் மிதி தரையில் விழுகிற அடி இருந்ததே, அது இன்னும் அப்ரியேயின் சுவர் வரை போனது. லாமிலே இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். நாலு மணிக்கு அப்ரியேயின் உலக்கை விழ ஆரம்பிக்கும். அதே நேரத்தில், அதே அடியில், இவள் காலை மிதித்தால் யார் பிரித்துச் சொல்ல முடியும்? உலக்கை விழும்போது கால் விழ வேண்டும். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டாள்.

பதினான்கு நாள் இப்படி நடந்தது. அட்ஜெட்டே இரண்டு முறை வந்து கேட்டில் நின்று, உலக்கைச் சத்தத்தைக் கேட்டு, ஃபுஃபுவுக்குப் பனங்கொட்டைக் குழம்பு இருக்கிறதா என்று அப்ரியேயிடம் விசாரித்துவிட்டுப் போனான். லாமிலேக்குத் தன் சாமர்த்தியத்தில் பெருமை. பதினோரு பாட்டும் கைக்கு வந்துவிட்டன என்று நம்பினாள்.

மூன்றாவது வாரம் சொன்னபடியே குவார்ட்டே வந்தார். அன்றைக்கு அப்ரியே சந்தைக்குப் போயிருந்தாள். முற்றம் அமைதியாக இருந்தது. ஹெட்போனின் ஒரு காதை அவர் பிடித்துக்கொள்ள, மறு காதோடு லாமிலே வாசித்தாள். அவர் மெல்லிய குரலில் பாடினார். முதல் நாலு வரி ஒழுங்காகப் போனது. ஐந்தாவது வரியில் லாமிலேயின் கால் நின்றது. இரண்டு எண்ணிக்கைக்குப் பிறகு மறுபடி கிளம்பியது. குவார்ட்டே மறுபடி ஆரம்பித்தார். அதே இடத்தில் மறுபடி நின்றது. மூன்றாவது முறையும் நின்றது. அமாசாதான் முதலில் புரிந்துகொண்டான். வாசல்படியில் உட்கார்ந்திருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பிரதர், அவ உங்களுக்காக நிறுத்தலை. அப்ரியே உரலுக்குள்ள அடுத்த கிழங்கைப் போடறதுக்காக நிறுத்தறா."

அதுதான் உண்மை. பதினான்கு நாளில் அவள் கால் பாட்டைக் கற்கவில்லை. உலக்கையைக் கற்றிருந்தது. உலக்கை எப்போது நிற்குமோ அப்போது நின்றது, மாவு இறுகும்போது தளர்ந்தது. குவார்ட்டேவுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

"இதோட சபையில உட்கார்ந்தீங்கன்னா, ஜனங்க பாடறதை விட்டுட்டுச் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவாங்க, சிஸ்டர்" என்றார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "இன்னும் பத்து நாள் இருக்கு. தேமாக்காரர்கிட்ட வரச் சொல்லி உறுதி பண்ணிடறேன்."

லாமிலே அன்று தையல் மிஷினில் உட்காரவில்லை. அமாசா சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தான். ஏதாவது சமாதானம் சொல்ல வாயெடுத்தபோது, அவள் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்துகொண்டிருந்ததைப் பார்த்தான். நீளம், அகலம், சுவருக்கும் இருக்கைக்கும் இடைவெளி, இருக்கையிலிருந்து தன் காதுக்கு எவ்வளவு. எல்லாவற்றையும் வாடிக்கையாளர் நோட்டில் குறித்தாள்.

இதுதான் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். தோற்றுப்போனால் பலரும் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். அவள் அளவெடுக்க ஆரம்பிப்பாள். இத்தனை நாள் பெட்டிக்கு ஏற்றபடி தன்னை வெட்டிக்கொண்டிருந்தாள்; ஆளைப் பார்க்காமல் துணியைப் பார்த்துத் தைத்த தையல்காரியின் வேலை அது. ஆள் யார்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. கேட்கப்போவது ஒரே ஒரு ஜோடிக் காது, அதுவும் இரண்டு முழத் தூரத்தில். ஹெட்போன் போட்டால் தன்னை மட்டும் கேட்கலாம், பாடுகிறவர் குரல் காற்றில் கலந்து வராது. சபையில் அவள் துணைக்குப் போவது குரல்களுக்குத்தான். ஆக, ஸ்பீக்கர் வேண்டும். மெல்லப் பேசினாலும் முழுசாகப் பேசுகிற ஸ்பீக்கர். காதுக்குப் பக்கத்தில், தரையைத் தொடாமல்.

கொட்டகைக்குள் போனாள். அமாசா பின்னாலேயே வந்தான். பெரிய பெட்டிகளுக்குப் பின்னால், சாய்வாக வெட்டிய குட்டைப் பெட்டி ஒன்று கிடந்தது. மேடையில் தரையில் கிடந்து, பாடுகிறவரின் முகத்தைப் பார்த்து, அவர் குரலை அவருக்கே சொல்கிற பெட்டி. பத்து அங்குலக் கூம்பு, மேலே சிம்பலை எடுத்துக்கொடுக்க ஒரு சின்னக் கொம்பு. ஜனங்களுக்கு அது கேட்காது என்பதால் யாரும் அதை வாடகைக்குத் தனியாகக் கேட்பதில்லை. அதன் மேல் அமாசா தன் சாப்பாட்டுத் தூக்கை வைப்பது வழக்கம்.

"இதா?" என்றான். "இது ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கற பெட்டி."

"நான் எத்தனை ஆள், மாஸ்டர்?"

அமாசா தூக்கை எடுத்துக் கீழே வைத்தான்.

பெட்டியைத் தையல் மிஷின் முக்காலியின் மேல் ஏற்றி, இருக்கைக்கு இடப் பக்கம் காது உயரத்தில், மூலையை விட்டு விலக்கி வைத்தாள். முக்காலிக்கும் பெட்டிக்கும் நடுவே மடித்த கம்பளி. வெட்டி மிஞ்சிய துணி அவள் கடையில் மூட்டை மூட்டையாக இருந்தது. சாவு வீட்டுக் கறுப்பும் சிவப்பும், பேர் வைக்கிற வீட்டு வெள்ளையும். அவற்றைப் பழைய உறைகளுக்குள் திணித்து மெத்தை மாதிரி தைத்து, அப்ரியே பக்கத்து ஒட்டுச் சுவரில் தொங்கவிட்டாள். மிச்சம் தரை. அமாசா சாலை முனை பஞ்சர் கடையிலிருந்து நாலு பழைய டயர் ட்யூப் கொண்டுவந்தான். பாதிக் காற்றடித்து அடுக்கி, மேலே ஒட்டுப்பலகை போட்டு, டிரம்மையும் இருக்கையையும் அதன் மேல் ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்தால் படகில் உட்கார்ந்த மாதிரி லேசாக ஆடியது. அம்மா வழியில் அவள் மீன்காரன் பேத்தி; அவளுக்கு அது ஒரு பிரச்சினையா?

வாளித் தண்ணீரை அவளே அப்ரியே அறையில் வைத்தாள். அமாசாவை மிதிக்கச் சொல்லி, குனிந்து கன்னம் தரையில் படப் பார்த்தாள். தண்ணீரில் கூரையின் நிழல் அசையாமல் கிடந்தது.

அதன்பிறகு உலக்கைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் கடை திறக்குமுன் ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம். சின்னப் பெட்டி, சின்ன ஒலி. அதில் ஓங்கி அடித்தால் அசிங்கமாகக் கேட்டது. அதனால் அடியைக் குறைத்து, மணிக்கட்டை மட்டும் வைத்துப் பாட்டின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அமாசா வாசல்படியில் உட்கார்ந்து பதினோரு பாட்டையும் பாடினான். சுருதி என்று ஒன்று அவனிடம் கிடையாது. இருந்தாலும் அவனைத் தொடர்ந்து வாசிக்க முடிந்தால் யாரையும் தொடரலாம் என்று அவள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அப்ரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சிஸ்டர் லாமி, கோபமா என் மேல? ஏன் மிதிக்கறதை நிறுத்திட்டீங்க? நீங்க மிதிக்காம எனக்கு உலக்கையே ஏற மாட்டேங்குது."

அவள் கேட்டபோது லாமிலே அப்போதுதான் இரண்டு பாட்டு முழுசாக வாசித்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அட்ஜெட்டேக்கு ஆள் அனுப்பினாள். அவன் கேட்டில் நின்றான். உள்ளே அவள் முழுப் பாட்டும் வாசித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் முற்றத்துக்கு வந்து, எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள், எனக்கு வேலை இருக்கிறது என்றான்.

தடை நீங்கும் பறை முழங்கிய வாரம் ஊரே கட்டவிழ்ந்தது. நன்றி ஆராதனை ஞாயிறன்று வழியெல்லாம் எல்லாச் சபைகளிலிருந்தும் காது கிழிய டிரம். ஒரு மாதம் அடைபட்ட கைகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. தேமாக்காரர் முன்வரிசையில் குச்சிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குவார்ட்டே லாமிலேயைப் பார்த்து, முதல் பாட்டு மட்டும் என்று விரலைக் காட்டினார்.

அவள் ஆரம்பித்தாள். நிஜத் தோல், நிஜச் சிம்பல். பெட்டி தேவைப்படாத டிரம். ஆனால் கை அந்தக் குட்டைப் பெட்டிக்கு வாசித்த கை. எங்கே குரல் தாழ்ந்ததோ அங்கே டிரம்மும் அதன் அடியில் போய் நின்றது. இரண்டாம் பத்தியில் பெண்களின் தாழ்குரல் தனியாக எழுந்தது. டிரம்முக்கு அடியில் எப்போதும் புதைந்து கிடக்கும் அந்தக் குரலை அன்றுதான் சபை முழுவதும் கேட்டது. பாடிக்கொண்டிருந்த பெண்களே ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். குவார்ட்டே இரண்டாவது பாட்டுக்கு விரலைக் காட்டினார். பிறகு மூன்றாவதற்கு. நாலாவதில் தேமாக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். அதன்பிறகு குவார்ட்டே விரல் காட்டவில்லை, பாடினார். பதினொன்றாவது பாட்டு முடிந்தபோது லாமிலேயின் பாவாடை நனைந்திருந்தது.

ஆராதனை முடிந்து குவார்ட்டே வந்தார். இசைக்கருவி அறையின் சாவியை அவள் கையில் வைத்தார். "அந்தக் கிழங்கு எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்க வீட்டு உரலுக்கே திருப்பிக் கொடுத்துட்டேன், பிரதர்."

தேமாக்காரர் ஓரமாகக் காத்திருந்தார். வீட்டில் அவரும் மின்சார டிரம் வைத்திருக்கிறாராம். எந்த ஸ்பீக்கர், எத்தனை வாட், எத்தனை அங்குலம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளப் போனை வெளியே எடுத்தார். லாமிலே அவரை ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள்.

"முதல்ல உங்க அறையோட அளவைச் சொல்லுங்க. பெட்டியை அப்புறம் பார்க்கலாம்" என்றாள். "பக்கத்து வீட்ல ஃபுஃபு இடிப்பாங்களா?"

"தினமும்."

"அப்ப நாலு டயர் ட்யூப்னு முதல்ல எழுதிக்குங்க."